கணினி வாத்தியாருக்கு வைத்த வெற்றிலைத் தட்டம்

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலரில் பிள்ளைகளுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். "அண்ணை, நீங்கள் இந்த வயதிலை கொம்பியூட்டர் பழகின கதையை எழுதித் தாங்கோ. பிள்ளையளுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்" என்று கேட்டார்கள். ஊக்கமாக இருக்குமோ தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். எங்காவது எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். பருத்தித்துறை பஸ் நிலையத்தில், யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்கள் நிற்கும் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் இருப்பவன் நான்தான். எந்த பஸ் எப்போது வெளிக்கிட வேண்டும் என்று பார்த்து, கொப்பியில் பதிந்து, "எடு" என்று சொல்வது என் வேலை. கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் ஒரு பஸ் தன் நேரம் கடந்தும் கொஞ்சம் நின்றால், பின்னால் வருகிறவனுக்கு ஏற வேண்டிய சனத்தை அது அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தச் சண்டை முழுக்க என் கொட்டில் வாசலுக்குத்தான் வரும். எவ்வளவு துள்ளுகிற டிரைவராக இருந்தாலும், நான் எழும்பி நின்று "எடு" என்றால் எடுப்பான். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மதிப்புத்தான் என்னுடைய முழு மதிப்பும்.

ஒருநாள் சங்கத் தலைவர் கொட்டிலுக்கு வந்து, கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, தைப்பொங்கலுக்குப் பிறகு உந்தக் கொப்பி வேலை இல்லை. நேரமெல்லாம் கொம்பியூட்டரிலை போடப் போறம். நீங்கள் பழகிப்போட்டியள் எண்டால் நீங்களே இருங்கோ. இல்லாட்டி... எனக்கும் வேறை வழியில்லை, பழகின ஒரு ஆளைத்தான் போடவேணும்."

"நான் பழகிறன்" என்றேன்.

வீட்டில் இதைப் பகிடி போலத்தான் சொன்னேன். என் மகள் அப்போது கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு நாளாந்தம் பஸ்ஸில் போய் வருவாள். நான் நேரம் சொல்லி அனுப்புகிற பஸ்ஸில்தான் ஏறுவாள். கொட்டிலைக் கடக்கும்போது யன்னலால் "அப்பா, போட்டு வாறன்" என்று கத்துவாள். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவளிடம் ஒரு பழைய லப்டொப் இருந்தது.

"இதுக்கு ஏன் யோசிக்கிறியள்? ஒன்லைனிலை எல்லாம் கிடக்கு. வீடியோவைப் போட்டுவிட்டால் நீங்களே பாத்துப் படிக்கலாம்" என்றாள்.

"ஆள் இல்லாத படிப்பு எனக்கு ஏறாது, பிள்ளை. ஒருத்தர் முன்னாலை இருந்து சொல்லித் தரவேணும். பிழை விட்டால் ஏசவேணும்."

"சரி, நான் சொல்லித் தாறன்."

"நீ மூண்டாந்தரம் கேட்டால் கத்துவாய்."

அவள் சிரித்தாள். அடுத்த நாள் கம்பஸால் வந்ததும் வராததுமாக, "அப்பா, உங்களுக்கு ஒரு சேர் பாத்திட்டன்" என்றாள். வாத்தியார் இந்தியாவில் இருக்கிறாராம். வயது போன ஆட்களுக்கென்றே பின்னேரத்தில் படிப்பிக்கிறாராம்.

இதை நான் ஏன் நம்பினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கொரோனாக் காலத்தில் உங்கள் அண்ணாமார், அக்காமார் வீட்டில் இருந்தபடி போனில் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் மகள் ஒருநாள் கமராவை மூடிவிட்டுப் படுத்திருந்தாள். போனுக்குள்ளிருந்து ரீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எழும்பி இருந்து முகத்தைக் காட்டும்" என்று ஏசினார். அவள் துள்ளி எழும்பினாள். அன்றிலிருந்து ஒன்லைன் வகுப்பு என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

விஜயதசமியன்று தொடங்குவது என்று முடிவு செய்தேன். சின்ன வயதில் எனக்கு ஏடு தொடக்கியதும் அந்த நாளில்தான். குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு வந்தேன். மேசையில் லப்டொப்புக்கு முன்னால் ஒரு தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு நாணயக் குற்றி எல்லாம் வைத்தேன். குருவுக்குத் தட்சணை வைக்காமல் தொடங்குகிற பழக்கம் எங்களிடம் இல்லையே. வாத்தியார் தூர தேசத்தில் இருக்கிறார். கையில் கொடுக்க முடியாது. கண்ணால் கண்டால் போதும் என்று நினைத்தேன்.

மகள் தட்டத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

"மற்ற ஆக்களின்ரை சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சேர் நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

"அப்ப என்ரை சத்தம்?"

"உங்கடை கேக்கும் அப்பா."

சேர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரித்த முகம். என்னை நேரே பார்த்தார். "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். நான் எழும்பிக் கைகூப்பினேன். "நலமாக இருக்கிறேன் ஐயா" என்றேன். எங்கள் பேச்சு இந்தியாக்காரருக்கு விளங்காது என்று புத்தகத் தமிழில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர்.

பிள்ளைகளே, அவர் நல்ல வாத்தியார். அதில் நான் குறை சொல்லமாட்டேன். சுட்டியைப் பிடிக்கிற விதம், ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் வித்தியாசம், எழுதியதைச் சேமித்து வைப்பது எல்லாம் ஆறுதலாகச் சொல்லித் தந்தார். ஒவ்வொன்றும் முடிய "புரிஞ்சுதா?" என்பார். பொறுப்பார். "ஆம் ஐயா" என்பேன். "சூப்பர்" என்பார். எனக்கு அது பெரிய புளுகமாக, சந்தோசமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

ஒருநாள், "ஐயா, தமிழில் எழுத முடியுமா?" என்று கேட்டேன். அவர் அதைக் கவனிக்காமல் தன் பாட்டில் போனார். வேலையாக இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் வந்தவுடனே, "இன்னைக்கு கம்ப்யூட்டர்ல தமிழ்ல எப்படி எழுதறதுன்னு பார்க்கலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்றுக் கேட்டதை ஞாபகம் வைத்திருந்து இன்றைக்குச் சொல்லித் தருகிறார்.

இப்படியே அட்டவணை போடுவதும் கேட்டேன். அதுவும் வந்தது.

என் மனைவி தேத்தண்ணி கொண்டு வருவாள். சேருக்கு முன்னால் குறுக்கே போகாதே என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் நன்றாகக் குனிந்து, லப்டொப்புக்குக் கீழால் கையை நீட்டிக் கோப்பையை வைத்துவிட்டுப் போவாள்.

மார்கழி பிறந்தது. அட்டவணைப் பாடம் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டி பெட்டியாகக் கோடு வரும். ஒரு இடத்தில் எழுதினால் இன்னொரு இடத்தில் போய் நிற்கும். பொங்கல் கிட்டிக்கொண்டிருந்தது. அன்று மகள் அடுக்களைக்குள் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சேரிடம் மனதை விட்டுக் கதைத்தேன். புத்தகத் தமிழ் எல்லாம் மறந்துபோய்விட்டது.

"சேர், வீட்டிலை நான் இதைச் சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. இதைப் பழகாட்டி என்னை எழுப்பிப்போடுவாங்கள். அந்தக் கொட்டிலை விட்டால் என்னை ஆரும் ஒரு ஆளா மதிக்கமாட்டாங்கள் சேர்."

சேர் கண்ணாடியைச் சரிசெய்தார். "தப்பா போயிடுமோன்னு பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் கழித்து, பஸ் நிலையத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. நான் "எடு" என்றால் ஒருவன், "சூப்பர் ஐயா" என்கிறான். இன்னொருவன் பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து, "புரிஞ்சுதா?" என்று இந்தியாக்காரர் மாதிரி இழுக்கிறான். எனக்குப் பகிடி விளங்கவில்லை. ஏதோ படத்தில் வந்த கதை என்று நினைத்து நானும் சிரித்தேன். ஓம், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

கடைசியில் வல்வெட்டித்துறைப் பக்கத்தால் ஓடுகிற பஸ்ஸின் கொண்டெக்டரைப் பிடித்தேன். வாய்க்காரன், ஆனால் என்னில் மரியாதை உள்ளவன்.

"என்னடா உது, 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா' எண்டு?"

"அண்ணை, நீங்கள் இப்ப பெரிய ஸ்டார் எல்லோ. லண்டன், கனடா எல்லாம் உங்களைத்தான் பாக்கினம்" என்று சொல்லிப் போனை நீட்டினான்.

அதில் ஒரு மனிதனின் முதுகு தெரிந்தது. தலையின் பின்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. என் தலையின் பின்பக்கத்தை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன். வெற்றிலைத் தட்டம் தெரிந்தது. நான் எழும்பிக் கும்பிடுகிறேன். பிறகு வேறொரு நாள். "சேர், வீட்டிலை நான் இதைச் சொல்லேல்லை..." என்ற என் குரல் கொட்டிலுக்குள் கேட்டது. கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

"ஆரடா இதை எடுத்தது? அந்த சேரோ?" என்றுதான் முதலில் கேட்டேன்.

கொண்டெக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையே பார்த்தான். "அண்ணை... அந்த சேர் வெறும் வீடியோ எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அந்தாள் எப்பவோ எடுத்துப் போட்ட வீடியோ. நாங்கள், நீங்கள் தெரிஞ்சுதான் பகிடிக்குச் செய்யிறியள் எண்டெல்லோ நினைச்சம்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அந்த வீடியோவில் என் பின்னால், ஓரமாக, எங்கள் வீட்டுக் கதவுச்சீலையின் விளிம்பு தெரிந்தது. பச்சைப் பூப் போட்ட சீலை. அதற்குப் பின்னால் யார் நின்றிருக்க முடியும் என்று யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போய் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. குளித்தேன். சேட்டுப் போட்டேன். வழமைபோல மேசையில் இருந்தேன். மகள் வந்து லப்டொப்பைத் திறந்தாள். சேர் வந்தார். "போன பாடம் புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்தார்.

"சேர்," என்றேன், "நான் இண்டைக்கு என்ன நிறச் சேட்டுப் போட்டிருக்கிறன்?"

"சூப்பர்! அப்போ அடுத்த பாடத்துக்குப் போலாமா?" என்றார் சேர்.

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். அவளுடைய முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்பா..."

"சேருக்கு என்ரை சேட்டின்ரை நிறம் தெரியேல்லையாம், பிள்ளை."

"அப்பா, நீங்கள்தானே ஆள் இல்லாட்டிப் படிக்கமாட்டன் எண்டியள். முதல் நாள் ஒரு நாளைக்கு எண்டுதான் நினைச்சன். நீங்கள் தட்டம் எல்லாம் கொண்டுவந்து வைச்சவுடனை எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

"அப்ப தமிழிலை எழுதிறது நான் கேட்க, அடுத்த நாள் சொல்லித் தந்தாரே?"

"நான்தான் சீலைக்குப் பின்னாலை இருந்து கேட்டுப்போட்டு, அதுக்குரிய வீடியோவைத் தேடிப் போட்டனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"அதைக் கேட்டாய். மற்றதையும் கேட்டாய். கேட்டதைப் படமும் எடுத்தாய்."

அவள் அழத் தொடங்கினாள். கனடாவில் இருக்கிற சின்னம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினாளாம். அப்பா எவ்வளவு ஆசையாகப் படிக்கிறார், பாருங்கோ என்று. சின்னம்மா தன் சிநேகிதிக்கு அனுப்ப, அவ இன்னொருவருக்கு அனுப்ப, அப்படியே சுற்றியிருக்கிறது. எங்கள் ஊரில் இப்போது எந்தக் கதையும் கனடாவுக்குப் போய்த்தான் பக்கத்து வீட்டுக்கு வரும். அது அவளுக்கும் தெரியாததல்ல.

"நீ தெரியாமல் விட்டது எது, தெரிஞ்சு விட்டது எது எண்டு நான் பிரிச்சுக் கேட்கேல்லை," என்றேன். "நான் பயம் எண்டு சொன்னதை ஏன் அனுப்பினனீ?"

"அதைக் கேட்டு நான் அழுதனான் அப்பா. அதாலைதான்" என்றாள். அழுதால் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். மேசைக்குக் கிட்ட வந்ததும் பழக்கத்தில் குனிந்தாள்.

"நீயும் தெரிஞ்சுதானோ குனிஞ்சனீ?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் எவ்வளவு சந்தோசமா இருந்தியள். அதைக் குழப்ப மனம் வரேல்லை" என்றாள்.

அன்பில்தான் செய்தார்கள். அது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் பிள்ளைகளே, ஒரு வீட்டில் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தால், அந்த ஒருவன் அந்த வீட்டில் எப்படி இருப்பான்? வெளியாள் ஏமாற்றினால் போய்ச் சண்டை பிடிக்கலாம். எனக்காகத் தினமும் குனிந்தவளோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பேன்?

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பழகின ஆளைப் போடட்டும். ஆனால் என் கொட்டிலில் இன்னொருவன் எழும்பி நின்று "எடு" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை.

பின்னேரம் நானே லப்டொப்பைத் திறந்தேன். மகள் உதவிக்கு வந்தாள். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். சேர் படிப்பித்த பாடங்களை வைத்தே சேரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் ஒரு சதுரத்துக்குள், மற்றப் பல சதுரங்களோடு வரிசையில் இருந்தார். தட்டினேன். வந்தார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றார். இந்த முறை நான் எழும்பவில்லை. இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். திரும்பத் தட்டினேன், விட்ட இடத்திலிருந்து கதைத்தார். பின்னுக்கு இழுத்தேன், சொன்னதையே அதே சிரிப்போடு சொன்னார். "நான் இங்கதான் இருக்கேன்" என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. அவர் எனக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அட்டவணைப் பாடத்தை நிறுத்தி நிறுத்தி, பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்த்தேன். பெட்டிகள் சொல்வழி கேட்கத் தொடங்கின. அந்தக் கோபத்தில்தான் எனக்கு அது பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

பொங்கல் கழிந்து சங்கம் கணினியைக் கொண்டுவந்து கொட்டிலில் வைத்தது. தலைவர் வந்தார். டிரைவர்மாரும் கொண்டெக்டர்மாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் எல்லோரும் என் பயத்தை என் வாயாலேயே கேட்டவர்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். வேறு பக்கம் இருக்க இடமில்லை.

தமிழில் ஒவ்வொரு பஸ்ஸின் நேரத்தையும் போட்டுக்கொண்டு வந்தேன். பாதியில், பின்னால் யாரோ ஒருவன் மெல்லமாக, "புரிஞ்சுதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

குரலை வைத்து ஆள் எனக்குத் தெரியும். அடுத்ததாக வெளிக்கிட வேண்டிய பஸ்ஸின் டிரைவர். நான் திரும்பவில்லை. திரையில் அவனுடைய வரியைப் பார்த்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எழும்பி நின்றேன்.

"தம்பி, உன்ரை நேரம் வந்திட்டுது. எடு."

"அண்ணை, கொஞ்சம்... சனம் ஏறட்டும்..."

"எடு எண்டு சொன்னனான்."

அவனுக்கு அடுத்து வெளிக்கிட இருந்த பஸ்காரன் உடனே, "ஓமடா, எடுவன்! அவருக்குப் புரிஞ்சுதாம், உனக்குத்தான் புரியேல்லை!" என்று கத்தினான். இந்த முறை சிரிப்பு மற்றப் பக்கத்துக்குப் போனது. அவன் போய் பஸ்ஸை எடுத்தான். நான் இருந்து மிச்ச நேரங்களையும் போட்டு முடித்தேன். தலைவர் என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டுப் போனார்.

கதிரை எனக்குத்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கலாம்.

மகள் இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். "அப்பா, போட்டு வாறன்" என்கிறாள். நானும் கையைத் தூக்குகிறேன். வீட்டில் சாப்பிடுகிறோம், கதைக்கிறோம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணினிக்கு முன்னால் இருந்தால், ஒருமுறை திரும்பிக் கதவுச்சீலையைப் பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். சிலவேளை சீலை அசையும். "நான்தான் அப்பா, உள்ளுக்கு வரட்டோ?" என்பாள். இப்போது கேட்டுத்தான் வருகிறாள். "வா" என்பேன். அவள் நிற்கும்வரை எனக்கு ஒரு எழுத்தும் ஓடாது.

இதை நானே தமிழில் தட்டி முடித்தேன். மலருக்குக் கொடுக்கமுன் அவளைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொன்னேன். என்னைக் கேட்காமல் அவள் அனுப்பியது போல நான் அனுப்பக்கூடாது அல்லவா. அவள் நின்றபடியே கடைசிவரை வாசித்தாள். சேட்டு நிறம் கேட்ட இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள்.

"அனுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. அனுப்புங்கோ," என்றாள். பிறகு, "ஈமெயிலிலை எப்பிடி இணைக்கிறது எண்டு தெரியுமோ?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அந்தப் பாடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.